ஆலோசகர் எந்த வகையில் வழிகாட்டி ஆகிறார்?

மனநல ஆலோசகர் ஒருவர் தம்மிடம் வருபவரின் வாழ்க்கைப் பயணத்தில் வழிகாட்டியாகவும் இருக்க முடியுமா, முடியுமென்றால் அந்தப் பொறுப்பை எப்படி நிறைவேற்றுகிறார் என்பது கேள்வி. ஆலோசனைத் துறையைப் படிக்கத் தொடங்கியிருப்பவர்களுக்கும் ஆலோசகரை நாடலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கும் இது எழுகிறது என்பதால், இரு தரப்பினரையும் மனத்தில் வைத்து எழுதுகிறேன். முடியும் என்பதே என் பதில். ஆனால் வருபவர் எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதை ஆலோசகர் தீர்மானிப்பதில்லை. துயரத்தாலோ அச்சத்தாலோ நெடுநாள் குழப்பத்தாலோ ஒருவர் தம் வாழ்க்கையைத் தாமே எடைபோட்டு முடிவெடுக்கும் ஆற்றலை இழந்திருக்கும்போது, அந்த ஆற்றல் அவருக்குத் திரும்பக் கிடைக்கும்வரை உடன் இருப்பதே ஆலோசகரின் வழிகாட்டுதல். இது தெளிவாக விளங்காதவரை, நல்லெண்ணத்தோடு தொடங்கும் ஆலோசனையும் விரைவிலேயே புத்திமதியாகச் சுருங்கிவிடும்.

தொழிலிலோ கல்வியிலோ நாம் வழிகாட்டி என்று சொல்பவர், நாம் போக விரும்பும் பாதையில் நமக்கு முன்னே நடந்தவர். பணியிடங்களில் மூத்தவர்களுக்கும் இளையவர்களுக்கும் இடையே உருவாகும் இத்தகைய உறவை ஆராய்ந்த கேத்தி க்ராம் என்ற அமெரிக்க ஆய்வாளர், அது தொடக்கம், வளர்ச்சி, பிரிவு, மறுவரையறை என்ற நான்கு கட்டங்களைக் கடக்கிறது என்று 1983இல் எழுதினார். மூத்தவர் இளையவருக்காகப் பரிந்துபேசுகிறார், வாய்ப்புகளைத் தேடித் தருகிறார், இடர் வரும்போது காக்கிறார். கடைசிக் கட்டத்தில் இருவரும் பெரும்பாலும் நண்பர்களாகிவிடுகிறார்கள். மனநல ஆலோசகரிடம் இவற்றில் பெரும்பாலானவற்றை எதிர்பார்க்க முடியாது. அவர் யாரிடமும் சிபாரிசு செய்வதில்லை. உறவு முடிந்தபின் நண்பராவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, வந்திருப்பவரின் வாழ்க்கையை அவர் வாழ்ந்து பார்த்தவர் அல்லர். மணவிலக்கையோ பிள்ளையின் மரணத்தையோ ஆலோசகரும் தம் வாழ்வில் கடந்து வந்திருக்கலாம். அப்போதும் அவர் கரையேறிய விதம் எதிரே அமர்ந்திருப்பவருக்குப் பொருந்தும் என்று கொள்வதற்கு எந்த ஆதாரமும் இல்லை. மனிதர்கள் எப்படிச் சிக்கிக்கொள்கிறார்கள், எந்தச் சூழலில் அவர்களுக்குள் மாற்றம் தொடங்குகிறது என்ற அறிவே அவரிடம் இருப்பது. வாழ்க்கையைப் பற்றிய அறிவு முழுவதும் வந்திருப்பவரிடமே இருக்கிறது.

இந்தத் துறையின் வரலாற்றிலேயே இவ்விரு போக்குகளும் இருந்திருக்கின்றன. 1908இல் பாஸ்டனில் ஃபிராங்க் பார்சன்ஸ் தொடங்கிய தொழில் வழிகாட்டு நிலையம், இன்றைய ஆலோசனைப் பணியின் தொடக்கங்களில் ஒன்றாகக் கருதப்படுகிறது. இளைஞர் ஒருவர் தம் திறமைகளையும் விருப்பங்களையும் அறிய வேண்டும், தொழில்களின் தன்மையை அறிய வேண்டும், பிறகு இரண்டையும் அறிவார்ந்து பொருத்திப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய முறை. ஆலோசகர் இங்கே தகவலும் அனுபவமும் உடைய பெரியவராக இருந்தார். 1940களில் கார்ல் ராஜர்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் இந்த ஏற்பாட்டைத் தலைகீழாக்கினார். உதவி தேடி வருபவரை நோயாளியாகக் கருதும் வழக்கத்தை அவர் கைவிட்டார். எது வலிக்கிறது, எந்தத் திசையில் போக வேண்டும் என்பதை அறிந்தவர் வருபவரே என்ற நிலைப்பாட்டை எடுத்தார். ஒருவரிடம் மாற்றம் நிகழ்வதற்குத் தேவையான சூழலை விளக்கி 1957இல் அவர் எழுதிய கட்டுரை, ஆலோசகரிடம் மூன்று பண்புகளை எதிர்பார்த்தது: உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசாமை, நிபந்தனையற்ற ஏற்பு, வருபவரின் உலகத்தை அவர் இருக்கும் இடத்திலிருந்தே பார்க்கும் பரிவு. இவை மட்டுமே போதும் என்று ராஜர்ஸ் சொன்னதைப் பின்வந்தவர்கள் பலர் ஏற்கவில்லை, நானும் ஏற்கவில்லை. கடுமையான அச்ச நோய்க்கோ திரும்பத் திரும்பச் செய்யத் தூண்டும் எண்ணச் சுழற்சிக்கோ அவற்றுக்கென்று வளர்த்தெடுக்கப்பட்ட முறைகள் தேவை. ஆயினும் அந்த மூன்று பண்புகளும் இல்லாத இடத்தில் எந்த முறையும் வேர்கொள்வதில்லை என்பதில் எனக்கு ஐயமில்லை.

இப்பண்புகளால் ஆலோசகருக்கும் வருபவருக்கும் இடையே அமைவதை உறவு என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் அது வெறும் அன்பாகப் பேசுவது என்று தோன்றலாம். எட்வர்ட் போர்டின் என்ற உளவியலாளர் 1979இல் அதை மூன்றாகப் பிரித்துக் காட்டினார்: எதை அடைய வந்திருக்கிறோம் என்பதில் உடன்பாடு, அதற்காக என்ன செய்யப்போகிறோம் என்பதில் உடன்பாடு, இருவருக்கும் இடையே வளரும் நம்பிக்கை. இவற்றுள் முதலாவதுதான் நடைமுறையில் அதிகம் கவனிக்கப்படாமல் போகிறது. பதினேழு வயது மாணவனைப் பெற்றோர் அழைத்து வருகிறார்கள். அவன் படிப்பில் கவனம் செலுத்த வேண்டும் என்பது அவர்களுடைய நோக்கம். அவனுக்கோ வீட்டில் நடக்கும் சண்டை நிற்க வேண்டும், இரவில் தூக்கம் வர வேண்டும். ஆலோசகர் பெற்றோரின் நோக்கத்தையே கையில் எடுத்துக்கொண்டால், அவன் பார்வையில் அவர் இன்னோர் ஆசிரியர் ஆகிவிடுவார். எத்தனை சந்திப்புகள் நடந்தாலும் அவன் வாய் திறக்கப்போவதில்லை. வழிகாட்டுதலின் முதல் செயல் இந்த இடத்தில் நிகழ்கிறது. அவனைத் தனியே அமரவைத்து, “இங்கே வந்ததால் உனக்கு ஏதாவது நல்லது நடக்க வேண்டுமென்றால், அது என்னவாக இருக்க வேண்டும்?” என்று கேட்டு, அவன் சொல்லும் விடையை அப்படியே ஏற்றுக்கொண்டு, பெற்றோரிடம் எதைப் பகிர்வோம், எதைப் பகிரமாட்டோம் என்பதையும் அவன் எதிரிலேயே பேசி முடிவுசெய்ய வேண்டும். தன் விருப்பத்தைப் பற்றி ஒரு பெரியவர் உண்மையாகவே கேட்கிறார் என்ற அனுபவம் சிலருக்கு அன்றுதான் முதன்முறையாகக் கிடைக்கிறது.

ஆலோசகரின் வழிகாட்டுதல் எத்தகையது என்பதை மிகத் தெளிவாகச் சோதிக்கும் வாக்கியம் ஒன்று உண்டு. “நீங்களே சொல்லுங்கள், நான் என்ன செய்யட்டும்?” ஏறக்குறைய எல்லோரும் ஏதாவது ஒரு கட்டத்தில் இதைக் கேட்கிறார்கள். கற்பனையாக ஒருவரை வைத்துக்கொள்வோம். தந்தையோடு பல ஆண்டுகளாகப் பேச்சில்லை. இப்போது தந்தை நோயுற்றுப் படுத்திருக்கிறார். போய்ப் பார்ப்பதா வேண்டாமா என்று மகனுக்குத் தெரியவில்லை. ஆலோசகர் போ என்று சொல்லலாம், போகாதே என்றும் சொல்லலாம். இரண்டுக்கும் நல்ல காரணங்கள் கிடைக்கும். ஆனால் போன இடத்தில் தந்தை மீண்டும் இழிவாகப் பேசினால் பழி ஆலோசகர்மேல் விழும். சந்திப்பு இனிதாக முடிந்தால் புகழ் ஆலோசகருக்குப் போகும். இரண்டிலும் மகன் தன் தீர்ப்பின்மீது நம்பிக்கை பெறவில்லை; அடுத்த முடிவுக்கும் அவன் யாரையாவது தேடித்தான் போவான். ஆகவே ஆலோசகர் அந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்காமல், அதற்குள்ளே இறங்குகிறார்.

“இதைத் தனியாக முடிவுசெய்வது உங்களுக்குப் பெரிய பாரமாக இருக்கிறது. போவதாகவே வைத்துக்கொள்வோம், அந்த நினைப்பு வந்தவுடன் மனத்தில் என்ன எழுகிறது?”

“பயம். பழையபடி ஏதாவது சொல்லிவிடுவார். நான் மறுபடியும் பத்து வயதுப் பையன்போல் நிற்பேன்.”

“போகவில்லை என்று வைத்துக்கொண்டால்?”

மகன் சிறிது நேரம் பேசவில்லை. ஆலோசகரும் குறுக்கிடவில்லை. “அவர் போனபிறகு, நான் வரவில்லை என்பது மட்டும்தான் மிஞ்சும்.”

“அப்படியானால் உங்களுக்கு வேண்டியது அவரோடு சமாதானமா, அல்லது பின்னாளில் உங்களை நீங்களே நொந்துகொள்ளாமல் இருப்பதா?”

“சமாதானம் எனக்கு வேண்டாம். இரண்டாவதுதான்.”

இந்த இடத்திலிருந்து பேச்சின் தன்மையே மாறிவிடுகிறது. தந்தையை மன்னிப்பதா என்ற பெரிய கேள்வி ஒதுங்கி, அரை மணி நேரம் மட்டும் போய் வருவது எப்படி, அக்காவை உடன் அழைத்துப் போகலாமா, தந்தை வார்த்தையை விட்டால் எந்த நேரத்தில் எழுந்து வெளியே வருவது, அப்போது என்ன சொல்வது என்ற சிறிய கேள்விகள் முன்னே வருகின்றன. இருவரும் அந்த உரையாடலை அறையிலேயே ஒத்திகை பார்க்கலாம். முடிவு மகனுடையது, அதைத் தாங்குவதற்கான ஆயத்தத்தில் ஆலோசகரின் பங்கு இருக்கிறது. இதற்கு நேர் புத்திமதியைவிட அதிக உழைப்பு தேவைப்படுகிறது என்பதையும், அறையில் நிலவிய அந்த மௌனத்தைப் பொறுத்துக்கொள்ளப் பழகுவதற்கே பயிற்சி பெறுபவர்களுக்கு மாதக்கணக்கில் ஆகிறது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

அறிவுரை பலிக்காமல் போவதற்கு இன்னொரு காரணத்தை வில்லியம் மில்லர் என்ற உளவியலாளர் 1983இல் குடிப்பழக்கம் உள்ளவர்களோடு செய்த பணியைப் பற்றி எழுதியபோது கவனப்படுத்தினார். பின்னர் ஸ்டீபன் ரோல்னிக்கோடு சேர்ந்து அதை ஒரு முழுமையான அணுகுமுறையாக வளர்த்தார். இரு மனமாக இருக்கும் ஒருவரிடம் நாம் ஒரு பக்கத்துக்காக வாதாடினால், அவர் தம்மையறியாமல் மறுபக்கத்துக்கு வக்காலத்து வாங்கத் தொடங்குகிறார். “குடியை நிறுத்துங்கள், உடம்பு கெட்டுவிடும்” என்றால், “நான் ஒன்றும் அவ்வளவு குடிப்பதில்லை” என்ற பதில் வரும். அதைச் சொல்லச் சொல்ல அவர் மனம் அந்தப் பக்கமே உறுதிப்படும். மாறாக, குடிப்பதால் அவருக்குக் கிடைப்பது என்ன, இழப்பது என்ன என்று இரண்டையும் கண்டனமின்றிக் கேட்டால், மாற்றத்துக்கான காரணங்களை அவரே தம் வாயால் சொல்ல இடம் கிடைக்கிறது. பிறரைத் திருத்த வேண்டும் என்ற துடிப்பு நம் எல்லோரிடமும் இருக்கிறது. நல்லவர்களிடம் சற்று அதிகமாகவே இருக்கிறது. ஆலோசகர் அடக்கப் பழக வேண்டியவற்றுள் அதை முதலில் வைப்பேன்.

இவ்வளவையும் படித்துவிட்டு, ஆலோசகர் கேள்வி கேட்பதோடு நின்றுவிடுபவர் என்று எண்ணிவிடக் கூடாது. அவர் நேரடியாகக் கற்பிக்கும் இடங்கள் உண்டு. பதற்றம் ஏறும்போது உடலில் என்ன நிகழ்கிறது, அச்சம் தரும் இடத்தைத் தவிர்க்கத் தவிர்க்க அச்சம் ஏன் வளர்கிறது, துயரம் எந்த ஒழுங்குக்கும் உட்படாமல் ஏன் அலையலையாக வருகிறது என்பவற்றை விளக்குவது அவர் வேலை. ஆரன் பெக் என்ற மனநல மருத்துவர் 1960களில் உருவாக்கத் தொடங்கிய அறிவுசார் சிகிச்சை முறையில், வருபவர் தம் மனத்தில் தானாக எழும் எண்ணத்தை எழுதிவைத்து, அதற்கு ஆதரவான சான்றையும் எதிரான சான்றையும் பக்கத்தில் குறித்து, மாற்று விளக்கம் ஒன்றைத் தேடுகிறார். மேலதிகாரி வணக்கத்துக்குப் பதில் சொல்லாமல் போனதும் “என்னை வேலையிலிருந்து நீக்கப்போகிறார்” என்று தோன்றிய எண்ணம், தாளில் எழுதப்பட்டதும் ஆராயத்தக்க ஒரு பொருளாகிறது. முதல் தாளை இருவரும் சேர்ந்து நிரப்புகிறார்கள். அடுத்ததை அவர் வீட்டில் எழுதி வருகிறார், ஆலோசகர் திருத்தாமல் ஒன்றிரண்டு கேள்விகள் கேட்கிறார். சில வாரங்களில் தாள் இல்லாமலே அந்தச் சோதனை அவர் மனத்தில் நடக்கத் தொடங்குகிறது. குழந்தைகளின் கற்றலைப் பற்றி டேவிட் வுட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் ஆகியோர் 1976இல் எழுதியபோது, பெரியவர் தரும் இத்தகைய உதவியைக் கட்டடத்துக்குக் கட்டும் சாரத்தோடு ஒப்பிட்டார்கள். சுவர் எழ எழச் சாரத்தைப் பிரித்துவிட வேண்டும் என்பது அந்த ஒப்புமையின் முக்கியமான பகுதி, ஆலோசனைக்கும் அது அப்படியே பொருந்துகிறது.

சொல்லிக் கற்பிப்பதைவிட நடந்துகொள்ளும் விதத்தால் கற்பிப்பது ஆழமாகப் பதிகிறது. சந்திப்பு குறித்த நேரத்தில் தொடங்கிக் குறித்த நேரத்தில் முடிகிறது; எழுந்து போகும் நேரத்தில் கதவருகே நின்று மிக முக்கியமான ஒன்றை வருபவர் சொல்லிவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். உயிருக்கு ஆபத்து ஏதும் இல்லையென்றால், ஆலோசகர் அதன் கனத்தைத் தாம் உணர்ந்ததைச் சொல்லி, “அடுத்த வாரம் இதிலிருந்தே தொடங்குவோம்” என்று எல்லையைக் காக்கிறார். அடுத்த வாரம் மறக்காமல் அதிலிருந்தே தொடங்குகிறார். அன்புக்கும் எல்லைக்கும் பகை இல்லை என்பதை, வேறெங்கும் பார்த்திராத ஒருவர் அங்கே காண்கிறார். அதைப் போலவே, தாம் சொன்ன ஒரு சொல் வருபவரைப் புண்படுத்திவிட்டது என்று தெரிந்தால், ஆலோசகர் அதை மூடிமறைக்காமல் தாமே எடுத்துப் பேச வேண்டும்: “போன முறை நான் அதைச் சொன்னபிறகு நீங்கள் பேச்சைக் குறைத்துக்கொண்டீர்கள். நான் சொன்னது உங்களுக்குச் சரியாகப் படவில்லையோ?” ஜெரமி சாஃப்ரன், கிறிஸ்டோபர் முரன் ஆகியோர் இத்தகைய விரிசல்களையும் அவற்றைச் சீர்செய்வதையும் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர்கள். மனத்தாங்கல் வந்தால் உறவு முறிந்துவிடும், அல்லது நாம்தான் பணிந்துபோக வேண்டும் என்ற இரண்டு வழிகளை மட்டுமே அறிந்து வளர்ந்தவருக்கு, பேசித் தீர்த்துக்கொள்ளும் மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது என்பது அறையிலேயே அனுபவமாகிறது. அதை அவர் தம் துணையிடமும் நண்பரிடமும் முயன்று பார்க்கலாம்.

மாற்றம் நேர்கோட்டில் போவதில்லை. புகைப்பழக்கத்தைத் தாமாக விட முயன்றவர்களை ஆராய்ந்து ஜேம்ஸ் புரோசாஸ்காவும் கார்லோ டிக்ளமென்டேயும் 1983இல் வெளியிட்ட ஆய்வு, மாற்றத்துக்குப் படிநிலைகள் உண்டு என்பதைக் காட்டியது. பழைய நிலைக்குச் சறுக்குவதும் மீண்டும் தொடங்குவதும் அந்தப் பாதையின் பகுதிகளே. சறுக்கியவர் பெரும்பாலும் வெட்கத்தால் அடுத்த சந்திப்புக்கு வராமல் இருந்துவிட நினைக்கிறார். வந்துவிட்டால், ஆலோசகரின் குறிப்பேடு அப்போது பெரிய துணை. மூன்று மாதங்களுக்கு முன் இதே போன்ற நாளில் அவர் என்ன செய்தார், இந்த முறை எத்தனை விரைவில் சுதாரித்துக்கொண்டார், முன்பு சொல்லத் துணியாத எதை இன்று சொல்கிறார் என்பவற்றை ஆலோசகர் நினைவில் வைத்திருந்து எடுத்துக்காட்டும்போது, தோல்வி என்று அவர் கொண்டுவந்த வாரம் வேறு விதமாகத் தெரியத் தொடங்குகிறது. வெற்றுப் பாராட்டு இதைச் செய்யாது. நாளும் நிகழ்வும் குறிப்பிட்டுச் சொல்லப்படும் உண்மை செய்யும்.

முடிவை வருபவரிடமே விடுவது என்ற கொள்கைக்கு எல்லை உண்டு. தற்கொலை எண்ணம் இருக்கலாம் என்ற ஐயம் எழுந்தால் சுற்றி வளைக்காமல் நேராகக் கேட்க வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக விதைக்கப்படுவதில்லை என்பது ஆய்வுகளில் உறுதிப்பட்ட செய்தி. ஆபத்து இருந்தால் பாதுகாப்புத் திட்டம் வகுக்க வேண்டும், மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும், தேவையானால் குடும்பத்தாருக்குத் தெரிவிக்க வேண்டும். பிறருக்கு ஆபத்து என்றாலும் அப்படியே. கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 1976இல் டாராசாஃப் வழக்கில், தம்மிடம் வருபவரால் இன்னொருவருக்குக் கடுமையான ஆபத்து நேரும் என்று அறியும் சிகிச்சையாளருக்கு அந்த மனிதரைக் காக்கத் தக்க நடவடிக்கை எடுக்கும் கடமை உண்டு என்று தீர்ப்பளித்தது. மற்ற இடங்களில் சட்டங்கள் வேறுபட்டாலும் இந்தக் கேள்வியை எந்த ஆலோசகரும் தவிர்க்க முடியாது. இரகசியம் எங்கே முடிகிறது என்பதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட்டால், அந்த நாள் வரும்போது அது துரோகமாகத் தெரியாது.

வழிகாட்டி என்ற நிலையில் இன்னொரு ஆபத்து ஆலோசகரின் பக்கத்திலிருந்தே வருகிறது. துயரத்தில் இருப்பவர், தம்மைப் பொறுமையாகக் கேட்கும் முதல் மனிதரைத் தாயாகவோ குருவாகவோ காண்பது இயல்பு. ஃபிராய்டு காலத்திலிருந்தே இது கவனிக்கப்பட்டு வருகிறது. அந்த மதிப்பு இனிமையானது என்பதாலேயே ஆபத்தானது. “நீங்கள் இல்லையென்றால் நான் என்ன ஆகியிருப்பேன்” என்ற சொல்லைக் கேட்டு மகிழ்ந்து அங்கேயே நின்றுவிடும் ஆலோசகர், அந்த மனிதர் தம்மைச் சார்ந்தே இருப்பதற்குத் துணைபோகிறார். கடினமான பகுதியைக் கடந்தவர் அவரே என்பதை நிகழ்வுகளைச் சொல்லித் திருப்பித் தர வேண்டும். அரசியல், சமயம், மணவாழ்வு பற்றிய தம் கருத்துகளைத் திணிப்பதும், வருபவரோடு தொழிற்கூட்டோ பணப் பரிமாற்றமோ வைத்துக்கொள்வதும் தொழில் நெறிக்குப் புறம்பானவை. பாலுறவு விஷயத்தில் நெறிமுறைகள் இன்னும் கடுமையானவை: ஆலோசனை நடக்கும் காலத்தில் அதற்கு இடமே இல்லை, முடிந்த பின்னரும் அமெரிக்க உளவியல் சங்கத்தின் நெறிமுறை குறைந்தது 2 ஆண்டுகளும், அமெரிக்க ஆலோசனைச் சங்கத்தின் நெறிமுறை 5 ஆண்டுகளும் அதைத் தடைசெய்கின்றன. காலம் கடந்த பிறகும் வருபவருக்குத் தீங்கில்லை என்று காட்டும் பொறுப்பு ஆலோசகருடையது. தம் பணியை மூத்த ஆலோசகர் ஒருவரிடம் ஒழுங்காக முன்வைத்துக் கேட்டுக்கொள்ளும் மேற்பார்வை ஏற்பாடு இல்லாதவர், எத்தனை ஆண்டு அனுபவம் உடையவராக இருந்தாலும், இந்த வழுக்கல்களைத் தாமே கண்டுகொள்வது அரிது.

ஆலோசகரைத் தேடுபவர்கள் இவற்றைக்கொண்டு சிலவற்றைக் கவனிக்கலாம். என் நோக்கம் என்ன என்று கேட்டாரா, தம் பயிற்சியையும் முறையையும் கேட்டபோது தயங்காமல் சொன்னாரா, எனக்கு உடன்பாடில்லை என்று சொன்னால் முகம் சுளிக்காமல் கேட்கிறாரா, சில மாதங்களுக்குப் பின் நான் சிறிய முடிவுகளை அவரைக் கேட்காமலே எடுக்கிறேனா. கடைசிக் கேள்விக்கு இல்லை என்பது விடையானால் அதை அவரிடமே எடுத்துச் சொல்லலாம். நல்ல ஆலோசகர் அதை வரவேற்பார்.

முடிவைப் பற்றிய பேச்சு கடைசிச் சந்திப்பில் திடீரென்று வரக் கூடாது. வாரத்துக்கு ஒன்றாக இருந்த சந்திப்பை இரு வாரத்துக்கு ஒன்று, பிறகு மாதத்துக்கு ஒன்று என்று இடைவெளி விட்டு, அந்த இடைவெளியில் வந்த சிக்கல்களை அவர் எப்படிச் சமாளித்தார் என்று பார்ப்பது ஒரு நல்ல வழக்கம். எந்த அறிகுறிகள் தெரிந்தால் மீண்டும் உதவி தேட வேண்டும் என்பதை அவர் தம் சொற்களிலேயே எழுதிக்கொள்ளலாம். ஓராண்டு கழித்து வேறோர் இழப்போடு அவர் திரும்பி வந்தால், முன்பு செய்த வேலை வீணாகிவிட்டது என்று இருவரும் எண்ண வேண்டியதில்லை. சென்ற முறை கற்றவற்றில் எதையெல்லாம் இதற்கு ஏற்கெனவே முயன்று பார்த்தீர்கள் என்று முதலில் கேட்க வேண்டும். எத்தனை சந்திப்புகள் தேவைப்படும் என்பதை அந்த விடையை வைத்து இருவரும் சேர்ந்து தீர்மானிக்கலாம்.